இரண்டு கயிறுகளை நழுவாமல் இணைக்கும் செப்பலின் முடிச்சு: முழுமையான வழிகாட்டி

தோட்டத்தில் தென்னை வெட்டும்போது மரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை முடிவு செய்வது இழுகயிறுதான். மரம் 15 மீட்டர் உயரம் என்றால், இழுப்பவர் அதற்கும் அப்பால் நிற்க வேண்டும். 10 மீட்டர் உயரத்தில் கட்டி, அடிமரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்றால் இடையில் மட்டும் 22 மீட்டருக்கு மேல் கயிறு போய்விடும். மரத்தில் சுற்றிக் கட்டவும் கையில் பிடிக்கவும் அதற்கு மேல் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே கயிறு அவ்வளவு நீளம் வருவது அபூர்வம். அதனால் இரண்டு கயிறுகளை முடிந்து நீளமாக்குகிறோம்.

இந்த வேலையில் கயிறு ஒரே சீராக இழுபடாது. ஆட்கள் இழுப்பார்கள், விடுவார்கள், மறுபடி சேர்ந்து வெடுக்கென்று இழுப்பார்கள். இறுகுவதும் தளர்வதுமாக மாறி மாறி வரும். சாதாரண முடிச்சுகள் பெரும்பாலும் விட்டுப்போவது இழுக்கும்போது அல்ல, நடுவில் தளரும் நேரத்தில்தான். வலமும் இடமுமாக மாற்றிப் போடும் சதுர முடிச்சை நிறையப் பேர் நம்புகிறார்கள். அதன் ஒரு வாலை, அதாவது குட்டை முனையை, கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தாலே அந்தக் கயிறு நேராகிவிடும், மற்றது அதன் மேல் வெறும் வளையமாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். பொட்டலம் கட்ட அது நல்ல முடிச்சு. பாரம் இழுக்கும் இரண்டு கயிறுகளை இணைக்க அதைப் போடவே கூடாது.

நான் சொல்லிக்கொடுப்பது செப்பலின் முடிச்சு (Zeppelin bend). இழுத்தாலும் பிடிக்கும், தளர்த்தி உதறினாலும் பிடிக்கும், வேலை முடிந்ததும் கத்தி இல்லாமல் கையால் அவிழும். இந்த மூன்றும் ஒரே முடிச்சில் கிடைப்பது அரிது. போடும் வரிசையில் ஓர் இடம் மாறினாலும் வேறு ஏதோ ஒன்றாகிவிடும் என்பதுதான் இதிலுள்ள ஒரே சிக்கல். அதனால் வரிசையைக் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

1. எதற்குப் போடலாம், எதற்குக் கூடாது

மரம் இழுப்பது, தார்ப்பாய் கட்டுவது, கிணற்றுச் சேற்றை வாளியில் ஏற்றுவது, படகை இழுத்துக் கட்டுவது, பந்தல் காலுக்கு இழுவை கொடுப்பது போன்ற வேலைகளுக்கு இது பொருந்தும்.

ஆள் தொங்கும் கயிற்றுக்கு வேண்டாம். கிணற்றில் ஆளை இறக்குவதற்கு இணைப்பு இல்லாத ஒரே கயிறும், அதற்கான பயிற்சி உள்ளவரும் தேவை. ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுச் செய்கிற வேலை அல்ல அது.

இணைப்பு ஒரு ராட்டினத்தின் வழியாகப் போக வேண்டியிருந்தாலும் இது உதவாது. முடிச்சு பருமனாக இருக்கும், சக்கரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். அப்படியானால் கிணற்றின் ஆழத்தையும் வாளியின் நிலையையும் பார்த்து, வாளி மேலே வந்து சேரும் வரை முடிச்சு ராட்டினத்தைத் தொடாத இடத்தில் இணைக்க முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். முடியாவிட்டால் நீளமான புதுக் கயிறு வாங்குவதே வழி.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழகுவதற்கு இரண்டு நிறங்களில் 8 முதல் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறு, ஒவ்வொன்றும் 2 மீட்டர் போதும். நிறம் வேறாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரே நிறக் கயிற்றில் தவறு நடந்தால் எந்த வால் யாருடையது என்றே தெரியாது. ஒரே நிறம்தான் கிடைத்தது என்றால் ஒன்றின் முனையில் வண்ண ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளுங்கள்.

உண்மையான வேலைக்குக் கயிறு எடுக்கும்போது அது எந்தப் பொருளால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹார்டுவேர் கடையில் 'நைலான் கயிறு' என்று கேட்டால் பல சமயம் பாலிபுரொப்பிலீன் கயிறுதான் கையில் வரும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது நைலான் இல்லை. நைலான் தண்ணீரைவிடக் கனமானது, மூழ்கிவிடும். நைலான் நன்றாக நீளும், பாலிபுரொப்பிலீன் அவ்வளவு நீளாது, ஆனால் வழவழப்பாக இருக்கும், வெயிலில் கிடந்தால் சீக்கிரம் நைந்துபோகும். வழுக்கும் கயிற்றுக்கு வால் நீளமாக விட வேண்டியிருப்பதால்தான் இந்தச் சோதனை.

தேங்காய்நார்க் கயிற்றில் சொரசொரப்பு இருப்பதால் எந்த முடிச்சும் ஓரளவு நிற்கும். அதில் மட்டுமே பழகியவர்கள் வழவழப்பான கயிற்றுக்கு மாறும்போதுதான் ஏமாந்துபோகிறார்கள். அதே முடிச்சு, அதே கை, ஆனால் கயிறு நழுவிவிடுகிறது.

3. கயிற்றையும் முனையையும் பாருங்கள்

முடிச்சு போடப்போகும் கடைசி ஒரு மீட்டரைக் கையால் உருவிப் பாருங்கள். புரி அறுந்திருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் மெலிந்திருக்கிறதா, வெயிலில் வெளுத்து விரலில் பொடி ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். முடிச்சுக்குள் கயிறு கூர்மையாக மடங்குகிறது. பழுதான இடம் அந்த மடிப்பில் அமைந்துவிட்டால் முதலில் அறுவது அங்கேதான்.

பிரிந்த முனையோடு தொடங்காதீர்கள். பிளாஸ்டிக் கயிறானால் முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டி உருக்கி ஆறவிடுங்கள். உருகிய நுனியை விரலால் அமுக்கக் கூடாது, தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி, சணல், தேங்காய்நார் என்றால் நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். முனை திரண்டு கெட்டியாக இருந்தால்தான் இரண்டு வளையங்கள் வழியாகவும் ஒரே மூச்சில் நுழையும். பிசிறாக இருந்தால் ஒரு புரி மட்டும் உள்ளே போய் மற்றது வெளியே தங்கிவிடும்.

4. மூன்று பெயர்கள்

கீழே வரும் எல்லாப் படிகளிலும் மூன்று சொற்களைப் பயன்படுத்துகிறேன். கையில் ஆடும் குட்டை முனை *வால்*. பாரம் ஏறப்போகும் நீளமான பக்கம் *நீள்பகுதி*. கயிறு வளைந்து தன்னைத்தானே கடக்கும்போது உண்டாகும் வட்டம் *வளையம்*.

ஒரு கயிறு சிவப்பு, மற்றது வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை தரையிலோ மேசையிலோ வைத்துச் செய்யுங்கள். அந்தரத்தில் பிடித்துச் செய்வது கை பழகிய பிறகுதான். எந்தக் கயிறு மேலே, எது அடியில் என்பதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டிய முடிச்சு இது.

ஒவ்வொரு கயிற்றிலும் 10 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுமார் அரை மீட்டரை முடிச்சுக்கென்று ஒதுக்குங்கள். தாராளமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், மிஞ்சினால் பிறகு வால் நீளமாக இருக்கும், அவ்வளவுதான்.

5. சிவப்புக் கயிற்றில் 6

சிவப்புக் கயிற்றின் நீள்பகுதி உங்களுக்கு எதிர்ப்புறத்திலிருந்து உங்களை நோக்கி வரட்டும். அதை இடப்பக்கமாக இறக்கி, கீழே வலப்பக்கம் வளைத்து, மேலே ஏற்றி, மறுபடி இடப்பக்கம் கொண்டுவந்து தன் நீள்பகுதியின் மேலாக கடத்துங்கள். வால் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பார்வைக்கு 6 என்ற எண் தெரிய வேண்டும்.

'மேலாக' என்பதுதான் இந்தப் படியில் முக்கியம். 6 வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். வால் அடியில் போனாலும் 6 போலவே தெரியும்.

6. வெள்ளைக் கயிற்றில் 9

வெள்ளைக் கயிற்றின் நீள்பகுதி உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்புறம் போகட்டும். அதை வலப்பக்கமாக ஏற்றி, மேலே இடப்பக்கம் வளைத்து, கீழே இறக்கி, வலப்பக்கம் கொண்டுபோய்த் தன் நீள்பகுதியின் அடியில் நுழையுங்கள். வால் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இது 9.

6-இல் வால் மேலே, 9-இல் வால் அடியில். இந்த வேறுபாடு ஏன்? அடுத்த படியில் ஒன்றன் மேல் ஒன்றை வைக்கும்போது இரண்டு வால்களும் அடுக்குக்கு வெளியே இருக்க வேண்டும். ஒன்று உச்சியில், மற்றது தரையோடு. அப்போதுதான் ஒவ்வொரு வாலும் இரண்டு வளையங்களையும் சேர்த்துச் சுற்றிப் பிடிக்கும்.

புதிதாகக் கற்பவர்களின் கையில் நான் அதிகம் பார்ப்பது, இரண்டிலுமே வாலை மேலே போட்டுவிடுவது. கை இயல்பாக அப்படித்தான் போகும். சிவப்பைச் செய்த அதே அசைவை வெள்ளையிலும் செய்துவிடுகிறது. அதனால் 9 போட்டதும் கையை எடுத்துவிட்டு ஒரு கணம் பாருங்கள். வெள்ளை வால் தரையைத் தொட்டுக்கொண்டு, அதன் மேல் நீள்பகுதி படுத்திருக்க வேண்டும்.

7. 6-ஐ 9-இன் மேல் வையுங்கள்

சிவப்பு வளையத்தை அப்படியே தூக்கி வெள்ளை வளையத்தின் மேல் வையுங்கள். இரண்டு ஓட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி, ஒரே ஓட்டையாகத் தெரிய வேண்டும். வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோக்கக் கூடாது, அடுக்குவது மட்டும்தான்.

இப்போது கையை நிறுத்திச் சரிபாருங்கள். இடப்பக்கம் சிவப்பு வால், எல்லாவற்றுக்கும் மேலே. வலப்பக்கம் வெள்ளை வால், எல்லாவற்றுக்கும் அடியில். சிவப்பு நீள்பகுதி எதிர்ப்புறம் போகிறது, வெள்ளை நீள்பகுதி உங்களை நோக்கி வருகிறது. இந்த நான்கும் சரியாக இருந்தால் முடிச்சில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

9-ஐத் தூக்கி 6-இன் மேல் வைத்துவிட்டால் இரண்டு வால்களும் வளையங்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் செப்பலின் முடிச்சு வராது. பிரித்துவிட்டு 5-ஆம் படிக்குத் திரும்புங்கள். நடுவில் சரிசெய்யப் பார்ப்பதைவிட அது வேகமானது.

8. வால்களை ஓட்டைக்குள் நுழையுங்கள்

இடது கையால் அடுக்கை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு வால் மேலே இருக்கிறது. அதை இடது ஓரத்தில் கீழே மடக்கி, இரண்டு வளையங்களுக்கும் அடியில் கொண்டுபோய், ஓட்டை வழியாக மேலே எடுங்கள்.

வெள்ளை வால் அடியில் இருக்கிறது. அதை வலது ஓரத்தில் மேலே மடக்கி, இரண்டு வளையங்களுக்கும் மேலாக கொண்டுவந்து, ஓட்டை வழியாகக் கீழே விடுங்கள்.

மேலே இருந்தது அடியில் சுற்றி மேலே வருகிறது, அடியில் இருந்தது மேலே சுற்றி அடியில் போகிறது. நடு ஓட்டையில் இப்போது இரண்டு வால்களும் பக்கத்தில் பக்கத்தில், எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. கதவுக் கீலில் நடுக்கம்பி செய்யும் வேலையை இங்கே இந்த இரண்டு வால்களும் செய்கின்றன. இரண்டு வளையங்களையும் ஊடுருவி நின்று ஒன்றைவிட்டு மற்றொன்று பிரியாமல் பார்த்துக்கொள்கின்றன. பாரம் நேராக வால்மேல் போய் அதை இழுப்பதில்லை என்பதால்தான் முடிச்சு கல்லாக இறுகிப்போவதும் இல்லை.

வால் ஒரு வளையத்தில் மட்டும் நுழைந்து மற்றதைத் தவறவிடுவது இந்தப் படியில் நடக்கும் தவறு. கயிறு தடியாக இருக்கும்போது அடுக்கு சற்று நகர்ந்து, கீழ் ஓட்டை மறைந்துவிடும். வாலை நுழைக்கும் முன் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். விரல் தடையில்லாமல் தரையைத் தொட வேண்டும்.

9. ஒழுங்காக்கி இறுக்குதல்

அவசரப்பட்டு நீள்பகுதிகளை மட்டும் பிடித்து இழுத்துவிடாதீர்கள். அப்படி இழுத்தால் வளையங்கள் கோணலாகப் படிந்து, ஒரு பக்கம் மட்டும் இறுகும். வரிசை இதுதான்:

முதலில் இரண்டு வால்களையும் பிடித்து, எதிரெதிர்ப் பக்கம் மெதுவாக இழுங்கள். வளையங்கள் சுருங்கி வால்களைக் கவ்வும். அடுத்து இரண்டு நீள்பகுதிகளையும் மிதமாக இழுங்கள். மறுபடி வால்கள், மறுபடி நீள்பகுதிகள். நடுநடுவே கட்டைவிரலால் வளைவுகளைத் தள்ளி, கயிறு கயிற்றின் மேல் ஏறிக் குறுக்கே கிடக்காமல் நேர்படுத்துங்கள். கடைசியில் காலால் ஒரு நீள்பகுதியை மிதித்துக்கொண்டு மற்றதை உடல் எடையைக் கொடுத்து இழுங்கள்.

தளர்வான முடிச்சின் மேல் நேரடியாகப் பாரத்தை ஏற்றினால் கயிறு முதலில் முடிச்சுக்குள் ஓடும், அப்புறம்தான் கவ்வும். அந்த ஓட்டத்தில் வால் குறைகிறது, பிளாஸ்டிக் கயிறு உராய்ந்து சூடாகிறது. கையால் முன்கூட்டியே இறுக்குவது அதற்காகத்தான்.

இறுக்கிய பிறகு வால் எவ்வளவு மிஞ்ச வேண்டும்? கயிற்றுத் தடிமனைப் போல 10 முதல் 12 மடங்கு. 12 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர். பாலிபுரொப்பிலீன் போன்ற வழுக்கும் கயிற்றுக்கு நான் இதை இரட்டிப்பாக்குவேன். குட்டை வால் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் முதல் இழுப்பில் கயிறு கொஞ்சம் நகரத்தான் செய்யும். அப்படி நகர மிச்சம் இல்லை என்றால் முடிச்சே போய்விடும்.

10. சரியா என்று பார்ப்பது எப்படி

மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று, இரண்டு வால்களும் இழுக்கும் கோட்டுக்குக் குறுக்காக, எதிரெதிர்ப் பக்கங்களில் வெளியே நிற்கும். இரண்டும் ஒரே பக்கம் வந்தால் அது வேறு முடிச்சு. இரண்டு, முடிச்சைத் தலைகீழாகத் திருப்பினால் சிவப்புப் பாதி இருந்த இடத்தில் வெள்ளைப் பாதி அச்சு அசலாக அதே உருவத்தில் இருக்கும். ஒரு பாதி நேர்த்தியாகவும் மறுபாதி குழப்பமாகவும் தெரிந்தால் எங்கோ கடப்பு மாறியிருக்கிறது.

மூன்றாவது அடையாளம் பழகும்போது மட்டும் செய்து பார்ப்பது. முடிச்சைத் தளர்த்தி, வெள்ளை வாலை வந்த வழியே உருவி வெள்ளைக் கயிற்றை மொத்தமாக வெளியே எடுத்துவிடுங்கள். சிவப்பின் வாலைத் தொடாதீர்கள். இப்போது சிவப்பை இரண்டு பக்கமும் இழுத்தால் அதில் சாதாரண ஒற்றை முடிச்சு ஒன்று விழ வேண்டும். அடுத்த முறை சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளையைப் பாருங்கள், அதிலும் அப்படியே. எதிலாவது முடிச்சு விழாமல் கயிறு நேராகிவிட்டால், அந்தக் கயிற்றின் வாலைத்தான் தவறான பக்கம் கடத்தியிருக்கிறீர்கள். இரண்டு வாலையும் மேலே போட்டவர்களுக்கு வெள்ளைக் கயிறு இப்படி நேராகிவிடும். இந்தச் சோதனை ஒரு முறை செய்தவர்களுக்கு 5, 6-ஆம் படிகள் மறப்பதில்லை.

அப்புறம் உதறல் சோதனை. முடிச்சை நன்றாக இழுத்து, விட்டு, நீள்பகுதிகளைப் பிடித்துக் கயிற்றைத் தரையில் அடிப்பதுபோல் பலமாக உதறுங்கள். மறுபடி இழுங்கள். வால் நீளம் முன்பிருந்ததுபோலவே இருக்க வேண்டும். வால் முடிச்சைவிட்டு வெளிவரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் நகர்ந்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை.

11. தடிமன் வேறு வேறாக இருந்தால்

தடிமனில் சின்ன வேறுபாடு இருந்தால் செப்பலின் போதும். ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு தடியாக இருந்தால், மெல்லிய கயிற்றால் தடித்த கயிற்றின் வளைவைச் சரியாகக் கவ்வ முடியாது. அதற்கு இரட்டைச் சுற்று உள்ள வேறு முடிச்சு இருக்கிறது.

தடித்த கயிற்றின் முனையை 'ப' போல மடக்குங்கள். மெல்லிய கயிற்றின் வாலை அந்த மடிப்புக்குள் அடியிலிருந்து மேலே எடுத்து, 'ப'-வின் இரண்டு கால்களையும் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முன்பக்கம் வந்ததும், தடித்த கயிற்றுக்கு மேலாகவும் மெல்லிய கயிற்றின் சொந்த நீள்பகுதிக்கு அடியிலுமாக நுழையுங்கள். இன்னொரு சுற்று, அதே இடத்தில் இன்னொரு நுழைப்பு. இரண்டு கயிறுகளின் வால்களும் முடிச்சின் ஒரே பக்கத்தில் அமைவது நல்லது, அது பிடிமானத்தைக் கூட்டும்.

மடக்க வேண்டியது எப்போதும் தடித்த கயிறு. மெல்லியதை மடக்கித் தடித்ததைச் சுற்றினால், விறைப்பான கயிறு தன் வளைவை விட்டு நிமிர்ந்து வெளியே வந்துவிடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: தளர்ந்து உதறினால் இந்த முடிச்சு செப்பலின் அளவு நம்பகமானது அல்ல. பாரம் விட்டு விட்டு வரும் இடத்தில் தடிமன் ஒத்த கயிறு தேடுவதே மேல்.

12. திரும்ப அவிழ்க்கவே போவதில்லை என்றால்

கொடிக்கயிறு, வேலிக்கயிறு போல ஒரு முறை இணைத்து விட்டுவிடுவதற்கு இரட்டை மீனவர் முடிச்சு நல்லது. இரண்டு கயிறுகளையும் முனைகள் எதிரெதிராக இருக்கும்படி இணையாக வையுங்கள். சிவப்பு வாலை வெள்ளைக் கயிற்றின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றுகளுக்குள்ளாகவே திருப்பி நுழைத்து இறுக்குங்கள். வெள்ளை வாலைச் சிவப்பின் மேல் அதேபோல் எதிர்த்திசையில் செய்யுங்கள். நீள்பகுதிகளை இழுத்தால் இரண்டும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். சரியாக வந்திருந்தால் ஒரு பக்கம் இரண்டு பெருக்கல் குறிகளும், மறுபக்கம் நான்கு இணைக் கோடுகளும் தெரியும்.

நல்ல பாரம் ஏறிய பிறகு இதை அவிழ்ப்பது பெரும்பாடு. மரம் இழுக்க இதைப் போட்டுவிட்டு, பிறகு கயிற்றையே வெட்டுபவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

13. பாரம் ஏற்றும்போது

எந்த முடிச்சும் கயிற்றின் பலத்தைக் குறைக்கும். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும் என்று வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது. இரண்டு கயிறுகளில் பலம் குறைந்ததுதான் கணக்கு. அது 1,000 கிலோவில் அறும் கயிறு என்றால், முடிச்சோடு 500 கிலோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெடுக்கென்று இழுப்பதற்கும் பழசாவதற்கும் இடம் விட்டு அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ வரை ஏற்றலாம். குறைவாகத் தோன்றும். ஆனால் ஐந்தாறு பேர் சேர்ந்து வெடுக்கென்று இழுக்கும்போது அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். அதனால் மரம் இழுக்கத் தடிமனான கயிறாகவே எடுங்கள்.

மரம் இழுக்கும்போது முடிச்சு மரத்தின் பக்கம் இல்லாமல் இழுப்பவர் பக்கமாக அமையட்டும். மரத்தருகே இருந்தால் கிளையிலோ மட்டையிலோ மாட்டும், கண்ணுக்கும் தெரியாது. இழுப்பவர் பக்கம் இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் இடையில் வாலை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். வால் குறைந்துகொண்டே வந்தால் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி கட்டுங்கள்.

கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொண்டு இழுக்கவே கூடாது. மரம் எதிர்பாராமல் வேறு பக்கம் சாய்ந்தால் கயிற்றை விட்டுவிட ஒரு நொடிதான் கிடைக்கும். சுற்றியிருந்தால் அந்த நொடியும் கிடைக்காது. முறுக்கேறி நிற்கும் கயிற்றின் நேர்க்கோட்டில் வேடிக்கை பார்ப்பவர்கள் யாரும் நிற்கக் கூடாது. முக்கியமாக நைலான் நன்றாக நீளும் கயிறு. அறுந்தால் நீண்ட அளவும் சேர்ந்து பின்னால் சீறி வரும். குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். மின்கம்பி மரத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் கயிற்றை மரத்தில் கட்டவே வேண்டாம்.

14. அவிழ்த்து வைத்தல்

பாரத்தை முழுக்க இறக்கிவிடுங்கள். ஒரு நீள்பகுதியைப் பிடித்து முடிச்சுக்குள் கொஞ்சம் தள்ளுங்கள், மறுபக்கமும் அப்படியே. வால்களைக் கவ்வியிருக்கும் வளைவுகள் தளரும். அவற்றைக் கட்டைவிரலால் பின்னுக்கு மடக்கிவிட்டால் வால்கள் தாமாகவே நழுவி வெளியே வரும். நனைந்த தேங்காய்நார்க் கயிறு மட்டும் ஊதிப்போய்ப் பிடிவாதம் பிடிக்கும். அதைக் காயவிட்டு அவிழ்ப்பது நல்லது. கம்பியோ திருப்புளியோ விட்டு நெம்பினால் புரி அறும்.

அவிழ்த்த இடத்தை உடனே பாருங்கள். முடிச்சு இருந்த பகுதி தட்டையாகி நிமிராமல் இருந்தாலோ, உருகிய பளபளப்பு தெரிந்தாலோ அந்த நீளத்தை வெட்டிவிட்டு முனையை மறுபடி கெட்டிப்படுத்துங்கள். முடிச்சோடு கயிற்றைச் சுருட்டி வைக்காதீர்கள், மடிப்பு அப்படியே நிலைத்துவிடும். மண்ணை உதறி, நிழலில் காயவைத்து, தளர்வாகச் சுருட்டி, வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள்.